பக்கத்து வாங்கில ஆர் இருக்கிறது?

அக்காட மகளுக்கு வாற தை மாதத்தோட ஐந்து வயது முடியுது. அதனால் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது சாப்பிட இடமில்லை. காணி உறுதியின் போட்டோக்கொப்பி, ஐந்து வருசத்து வாக்காளர் இடாப்புப் பிரதி, கரண்ட் பில், கிராம சேவகரின் கடிதம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பைல் பைலாக அடுக்கிக் கிடக்குது. நடுவில் ஒரு கொப்பி. அதில் அக்கா பள்ளிக்கூடங்களின் பெயரை எழுதுறா, வெட்டுறா, திரும்ப எழுதுறா. "என்னைக் கலியாணம் கட்டேக்ககூட இவ்வளவு யோசிக்கேல்லை" என்று அத்தான் பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

போன கிழமை என்னைக் கூப்பிட்டு இருத்தினா. "நீ கம்பஸில படிக்கிறனி. இலவசக் கல்வி எண்டு கொடியும் பிடிக்கிறனி. சொல்லு பாப்பம், இவளை எங்க விடுறது?"

"அரசாங்கப் பள்ளிக்கூடத்திலதான்" என்று நான் உடனே சொன்னேன்.

"எந்த அரசாங்கப் பள்ளிக்கூடம்?"

அதுக்கு என்னட்டப் பதில் இருக்கவில்லை. ஒரு கிழமையாக அந்தக் கேள்வியோடதான் திரியிறன்.

அக்காட கொப்பியில் மூன்று பெயர் இருந்தது. முதலாவது இன்ரநஷனல் ஸ்கூல். ஒரு தவணைக் கட்டணம் அத்தானின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். இரண்டாவது பட்டணத்தில் இருக்கிற பெரிய தேசிய பாடசாலை. வானில் போனால் முக்கால் மணித்தியாலம். மூன்றாவது எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம். மாகாண சபைக்குக் கீழே வருவது. வீட்டில் இருந்து நடந்தால் ஏழு நிமிசம். அம்மம்மா, அம்மா, அக்கா, நான் எல்லாரும் அரிவரி படிச்சது அங்கதான். அந்தப் பெயரைத்தான் அக்கா கூட வெட்டியிருந்தா.

தனியாரா அரசா என்று கேட்கத் தொடங்கினால் இந்த நாட்டில் கேள்வியே குழம்பிப் போகும். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க முடியாது. அதனால் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு முளைத்த இன்ரநஷனல் ஸ்கூல்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனிகள். சீமெந்துக் கடையும் இன்ரநஷனல் ஸ்கூலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே சாதி. இன்னொரு பக்கம், 1960, 61இல் மிசன் பள்ளிக்கூடங்களையும் சைவப் பள்ளிக்கூடங்களையும் அரசு பொறுப்பெடுத்தபோது, சில பெரிய பள்ளிக்கூடங்கள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனியே நின்றுகொண்டன. யாழ்ப்பாணத்தில் பரியோவான், சம்பத்திரிசியார், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி எல்லாம் அந்த வகை. அங்கேயும் அரச பாடத்திட்டம்தான், அரச பரீட்சைதான். ஊரில் அவற்றை ஒருவரும் 'பிறைவேற்' என்று சொல்வதில்லை. ஆக, எங்கட சனத்தின் அகராதியில் அரசு, தனியார் என்று இரண்டு வகை இல்லை. 'நல்ல பள்ளிக்கூடம்', 'மற்றப் பள்ளிக்கூடம்' என்ற இரண்டு வகைதான் இருக்கு.

அந்த 'நல்ல' எப்படி வருகுது என்பதுதான் எனக்கு விளங்கவேண்டியிருந்தது.

பட்டணத்துத் தேசிய பாடசாலையை எடுங்கள். காசு இல்லை, அரசாங்கத்தின்ர, எல்லாருக்கும் பொது. ஆனால் தரம் ஒன்று சேர்ப்புக்கான சுற்றறிக்கையை எடுத்து வாசித்தால், பாதி இடம் கிட்ட இருக்கிற ஆக்களின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கனவே அங்கே படிக்கிறவர்களின் சகோதரங்களுக்கு. இது பல வருசமாக இருக்கிற முறை. இப்ப கணக்குப் பாருங்கோ. பொதுப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நாற்பது இடம் உறவுமுறையில் போகிறது. காணி உறுதி போல, அப்பா படிச்சதால் மகன் படிக்கிறான். மிச்சப் பாதியில் 'கிட்ட இருக்கிற ஆக்கள்' என்றால் கிட்டக் காணி வாங்க வசதி உள்ள ஆக்கள். வசதி இல்லாதவர்கள் விலாசம் தேடுவார்கள். அத்தானின் கூட்டாளி ஒருவர் பிள்ளை பிறக்கிறதுக்கு முதலே பட்டணத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, வோட்டை அங்கே பதிந்தவர். அந்த அறையில் இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் படுத்து எழும்பியதில்லை. பிள்ளை இப்ப தரம் மூன்று.

விண்ணப்பிக்கிற பள்ளிக்கூடத்தைவிட வீட்டுக்குக் கிட்ட வேறு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவார்கள். அக்காவுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தோட இருக்கிற முதல் கோபம் அதுதான். அது இன்னும் மூடப்படாமல் இருந்து அவவுக்குப் புள்ளியைக் குறைக்குது.

இனி 'இலவசம்' என்ற பக்கம். கொப்பியின் பின்பக்கத்தில் அக்கா அதையும் கணக்குப் போட்டு வைச்சிருந்தா. வான் காசு மாதா மாதம். அபிவிருத்திச் சங்கச் சந்தா. வகுப்புப் பெற்றாரின் வட்ஸ்அப் குழுமத்தில் வந்து விழுகிற கோரிக்கைகள்: மின்விசிறி, பெயின்ற், திரைச்சீலை, ஆசிரியர் தினத்துக்குச் சாறி. தரம் மூன்றில் இருந்து ஸ்கொலசிப்புக்கு ரியூசன், அதுவும் ஒரு இடத்தில் அல்ல, இரண்டு இடத்தில். காலையில் அரசாங்கப் பிள்ளை, பின்னேரம் தனியார் பிள்ளை. கூட்டிப் பார்த்தால் இன்ரநஷனல் ஸ்கூல் கட்டணத்தின் பாதியைத் தாண்டி நிற்குது. "அப்ப பேந்தென்ன இலவசம்?" என்று கேட்டா.

நான் விடவில்லை. பாடப்புத்தகம் 1980இல் இருந்து இலவசம், சீருடைத் துணி 1993இல் இருந்து இலவசம், அது சின்ன விசயம் இல்லை என்று சொன்னேன். 2022இல் கொப்பி விலை ஏறி, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போட்டபோது, பாடப்புத்தகமும் காசுக்கு என்றால் எத்தனை பிள்ளைகள் வீட்டோட நின்றிருக்கும்? அக்கா மறுக்கவில்லை. "அது சரி. ஆனா அது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வாற புத்தகம்தானே. அதால எது நல்லதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றா. அதுவும் சரிதான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடம் ஏன் வேண்டாம்?

முதலாவது ஆங்கிலம். அங்கே ஆங்கிலத்துக்கு நிரந்தர ரீச்சர் இல்லை, வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து கிழமைக்கு இரண்டு நாள் ஒருவர் வந்து போறா. இது நியாயமான பயம். கலைப்பீடத்துக்கு வந்த முதல் வருசம் ஆங்கில விரிவுரையில் கடைசி வரிசை தேடி இருந்தவர்களில் நானும் ஒருத்தி. பட்டம் எடுத்து வெளியில் போனால் நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி எந்த மொழியில் வரும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்ரநஷனல் ஸ்கூல் விற்கிற சாமானில் உண்மையான சாமான் அது ஒன்றுதான். அதுக்கு வாற சனத்தைப் பார்த்து 'மோகம்' என்று எழுதித் தள்ளுவது லேசு. ஆனால் அங்கே லண்டன் பரீட்சை எழுதினால், எங்கட பல்கலைக்கழகங்களுக்கு இசற் புள்ளியால் போகிற வழமையான பாதை கிடையாது. பிறகு வெளிநாட்டுப் படிப்பு, அல்லது காசு கட்டிப் பட்டம். தரம் ஒன்றில் கட்டத் தொடங்கினால் இருபத்திரண்டு வயது வரைக்கும் கட்டவேண்டும் என்பதை அந்தக் கையேட்டில் ஒருவரும் அச்சடிப்பதில்லை. அத்தானின் கணக்கில் அது ஏறாது என்று அக்காவுக்கே தெரியும். அந்தப் பெயரைக் கொப்பியில் வைச்சிருக்கிறது ஒரு ஆசைக்குத்தான் என்று நினைக்கிறன்.

இரண்டாவது காரணம் 'போட்டி இல்லை'. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன போட்டி என்று கேட்டேன். பதில் இல்லை.

மூன்றாவது, பிள்ளைகள் குறைவு. இந்த வருசம் தரம் ஒன்றில் ஆறு பேர். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இன்ரநஷனல் ஸ்கூல் தன்ர கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே 'சிறிய வகுப்பு, ஒவ்வொரு பிள்ளையிலும் தனிக் கவனம்' என்றுதான். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகளை வைச்சுக்கொண்டு ஒரு ரீச்சர் தொண்டை கிழியக் கத்துறா. எங்கட ஊரில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர், காசில்லாமல். அதைக் குறை என்கிறோம். காசு கட்டினால் தனிக் கவனம், காசு கட்டாவிட்டால் 'பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம்'.

நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்று நினைத்த நேரம் குசினிக்குள் இருந்து அம்மா சொன்னா: "அங்க இப்ப எங்கட ஆக்களின்ர பிள்ளையள் ஒண்டும் படிக்கேல்லையெல்லோ."

அவ்வளவுதான். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அக்கா கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தா. அத்தான் போனை எடுத்தார். சாதி என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. எங்கட வீடுகளில் அதைச் சொல்லத் தேவையில்லை. 'சூழல்' என்று சொல்லலாம், 'பழக்க வழக்கம்' என்று சொல்லலாம், 'எங்கட ஆக்கள்' என்று சொல்லலாம். ஆங்கிலம், போட்டி, பிள்ளைகள் குறைவு என்று வரிசையாக வந்த காரணங்கள் எல்லாம் முன்வாசல். இது அடுப்படிக் கதவு.

பள்ளிக்கூடம் பிடிக்கிறது என்பது எங்கட இடத்தில் படிப்பைத் தேடுகிற வேலை மட்டும் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்து வாங்கில் ஆர் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிற வேலை. இது புதிசும் இல்லை. 1930 வாக்கில், உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று வந்தபோது, அதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைச்ச இடம் யாழ்ப்பாணம். அதுவரைக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வாசலுக்கு வெளியே இருந்தார்கள். பலருக்கு அந்த வாசலும் இல்லை. யாழ்ப்பாணம் கல்வியில் உயர்ந்த சமூகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியதைச் சொல்வார்கள், மிசனரிமாரைச் சொல்வார்கள். இந்த நெருப்பைச் சொல்லமாட்டார்கள்.

இப்ப ஒருவரும் நெருப்பு வைப்பதில்லை. அது தேவையில்லாமல் போய்விட்டது. வான் இருக்கு.

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிற காணி ஊரவர் ஒருவர் கொடுத்தது. கட்டடமும் சனம் காசு சேர்த்துக் கட்டியதுதான். வடக்கில் கன பள்ளிக்கூடங்களின் கதை இதுதான், அரசு பிறகு வந்து பொறுப்பெடுத்தது. அம்மம்மா படிச்ச காலத்தில் அங்கே 'எங்கட ஆக்கள்' மட்டும்தான். அம்மா படிச்ச காலத்தில் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அக்கா படிக்கும்போது பாதிக்குப் பாதி. நான் தரம் ஐந்தில் இருந்தபோது எங்கட ஒழுங்கையில் இருந்து போன பிள்ளைகள் இரண்டு பேர். போர், இடப்பெயர்வு, வெளிநாடு, பிறப்புக் குறைவு எல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளிநாடு போகாத வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் ஆறே காலுக்கு வான் ஏறுகிறார்கள். மற்றப் பக்கத்துப் பிள்ளைகள் உள்ளே வர வர, நாங்கள் வெளியே போனோம். பிறகு வெளியில் நின்றுகொண்டு 'அந்தப் பள்ளிக்கூடம் விழுந்துபோச்சு' என்று சொன்னோம்.

அது எப்படி விழுகிறது என்பது மந்திரம் இல்லை. மாணவர் தொகையைப் பார்த்துத்தான் ஆசிரியர் ஆளணி. பிள்ளைகள் குறைந்தால் ரீச்சர் குறையும். ரீச்சர் குறைந்தால் இரண்டு வகுப்பை ஒன்றாக இருத்திப் படிப்பிக்க வேண்டி வரும். அதைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம் பிள்ளையை எடுக்கும். மிச்சம் நிற்பது வான் காசு கொடுக்க ஏலாத வீட்டுப் பிள்ளைகள். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி வலயக் கல்வி அலுவலகத்தோடு சண்டை பிடிக்கக்கூடிய தாய் தகப்பன் எல்லாம் பட்டணத்தில் பெயின்றுக்குக் காசு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதில் எனக்கும் பங்கிருக்கு. கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தம் வந்தபோது, கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையும் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றுதான் மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசிலும் வந்தது. அது ஒரு ஏணி. நானும் தரம் ஐந்தில் அந்த ஏணியால் ஏறிப் பட்டணத்துக்குப் போனவள். என்ர பெயரை ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதினார்கள். இன்னும் இருக்கு, கொஞ்சம் உரிஞ்சு போய். அந்தச் சுவரில் பெயர் இருக்கிறவர்களில் ஒருவரும் தன்ர பிள்ளையை அந்தச் சுவருக்குள் விடவில்லை.

கம்பஸில் நாங்கள் கல்வி தனியார்மயத்துக்கு எதிராகக் கதைக்கிறோம். மாலபே சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிரான போராட்டம் இன்னும் மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் விசயம். அந்தப் போராட்டம் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூட்டத்தில் நிற்கிற எங்களில் ரியூசனுக்குப் போகாமல் வந்தவர் ஆர் என்று கேட்டால் எத்தனை கை எழும்பும்? என்ர கை எழும்பாது. பல்கலைக்கழக வாசலில் தனியார் வரக்கூடாது என்று நிற்கிறோம். அந்த வாசலுக்கு வந்து சேர்ந்த பாதை முழுக்கக் காசு கட்டி வந்தது. கலைப்பீடத்தில் என்னோட படிக்கிற முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி இந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம் எண்டு யோசிக்க மூண்டு இருக்கு. எங்களுக்கு ஒண்டு. அதுக்கும் பஸ் இல்லை." மலையகத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1970களில்தான் அரசு அவற்றைக் கையேற்கவே தொடங்கியது.

இவ்வளவையும் நான் அக்காவுக்குச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். அவ முழுக்கக் கேட்டா. பிறகு கேட்டா: "உன்ர கொள்கைக்கு என்ர பிள்ளையே கிடைச்சது?"

இந்தக் கேள்வியை நான் சும்மா தட்டிவிட விரும்பவில்லை. ஒரு பிள்ளைக்குத் தரம் ஒன்று ஒருதரம்தான். என்ர வாதம் பிழைத்தால் நட்டம் எனக்கு இல்லை. ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதால் நூறு வருசத்துச் சாதி ஒழிந்துவிடாது, ஆங்கில ரீச்சரும் வந்துவிடமாட்டா. கலியாணம் கட்டாத, பிள்ளை பெறாத இருபத்திரண்டு வயதுக்காரி புரட்சி செய்யச் சொல்வதும், செலவை இன்னொருத்தி கட்டுவதும் நியாயம் இல்லை. அதை ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அக்காவின் கேள்வியிலும் ஒரு ஓட்டை இருக்கு. பிள்ளையைப் பட்டணத்தில் விட்டால் அது கொள்கை இல்லை, வெறும் தாய்மனம். ஊரில் விட்டால் மட்டும் அது கொள்கை. ஏன் அப்படி? 'எங்கட ஆக்கள் இல்லாத இடத்தில் என்ர பிள்ளை இருக்கக்கூடாது' என்பதும் கொள்கைதான். எல்லா வீட்டிலும் அதே கொள்கை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தினமும் ஒன்றரை மணித்தியாலம் ஐந்து வயதுப் பிள்ளையை வானுக்குள் அடைத்து அனுப்புகிறோமே, அந்தச் செலவை ஆருடைய கொள்கைக்காகக் கட்டுகிறோம்?

கடைசியில் கொள்கையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பற்றி மட்டும் கதைப்பம் என்று வந்தோம். தரம் ஐந்து வரைக்கும் ஒரு பிள்ளைக்கு என்ன வேணும்? தன்ர மொழியில் தடக்காமல் வாசிக்க, எழுத, கணக்குப் பார்க்க. பயமில்லாமல் கேள்வி கேட்க. விளையாட. போகக்கூடிய மாதிரி ஒரு மலசலகூடம். நித்திரை. இதில் எதுக்குப் பட்டணம் வேணும்? தரம் ஆறில் பள்ளிக்கூடம் மாற வழியிருக்கு, நான் மாறினேன். ஆங்கிலத்துக்கு வான் காசை மிச்சம் பிடித்து வீட்டில் ஏதாவது ஒழுங்கு செய்யலாம். எங்கட ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் அடுத்த தைக்குத் தரம் ஒன்று போக மூன்று பிள்ளைகள் இருக்கு. அந்த மூன்று தாய்மாரும் அக்காவோட ஒன்றாகப் படிச்சவைதான். அவையின்ர வீட்டு மேசையிலும் இப்ப இதே பைல்கள்தான் கிடக்கும். நாலு பேரும் சேர்ந்து யோசித்தால் அது தியாகமாக இருக்காது, தரம் ஒன்றில் பத்துப் பிள்ளைகளாக இருக்கும். அக்கா அதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில், "சும்மா ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றா.

மூன்று பேரும் நடந்து போனோம். உண்மையில் ஒன்பது நிமிசம் எடுத்தது, மருமகள் வழியில் கிடந்த ஆட்டுக்குட்டியை விட்டு வர மாட்டன் என்றதால். பள்ளிக்கூடம் கூட்டித் துப்பரவாக இருந்தது. ஓடு இரண்டு இடத்தில் போய், தகரம் வைச்சிருந்தது. தரம் ஒன்று ரீச்சர் பிள்ளைகளை வட்டமாக இருத்திக் கதை வாசித்துக்கொண்டிருந்தா. ஆறில் நாலு பிள்ளைகள் தாங்களாக வாசிக்கிறார்கள் என்று அக்கா எனக்குக் கையில் கிள்ளிக் காட்டினா. ரீச்சரின் சொந்தப் பிள்ளை பட்டணத்தில் படிக்குது. அக்கா அதையும் கேட்டு அறிஞ்சிட்டுத்தான் வெளியில் வந்தா.

மருமகள் போன கையோட ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் வாங்கில் ஏறி இருந்து, பச்சைப் பென்சிலுக்குச் சண்டை தொடங்கிவிட்டாள். அந்தப் பிள்ளையும் லேசுப்பட்டது இல்லை. கடைசியில் பென்சிலை ரீச்சர் வாங்கி வைச்சா.

அதிபர் எங்களை நன்றாக வரவேற்றார். தேத்தண்ணி தந்தார். அம்மம்மாவைக்கூட ஞாபகம் வைச்சுக் கேட்டார். எழும்பி வரும்போது வாசல் வரைக்கும் வந்து அக்காவிட்டச் சொன்னார்: "பட்டணத்தில சரிவராட்டி ஒண்டும் யோசியாதேங்கோ பிள்ளை. இஞ்ச கொண்டு வாங்கோ. எங்களிட்ட எப்பவும் இடம் இருக்கும்."

திரும்பி வரும் வழி முழுக்க அக்கா கதைக்கவில்லை. வீட்டுப் படலையடியில் நின்று, "இங்கிலிசுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டா. நான் பின்னேரங்களில் சொல்லிக் கொடுக்கிறன் என்றேன். "உன்ர இங்கிலிஸ் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிற்றா.

இன்று காலையில் மேசையில் கிடந்த கொப்பியைக் கள்ளமாகத் திறந்து பார்த்தேன். இன்ரநஷனல் ஸ்கூலின் பெயரை வெட்டியிருக்கு. பட்டணத்துப் பள்ளிக்கூடம் முதலாவது. அதுக்குக் கீழே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரைத் திரும்ப எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும், அந்த மூன்று தாய்மாரில் ஒருவரின் போன் நம்பரும் எழுதியிருக்கு. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு.